துலிப் கூடையை அறுத்தவன்

அனிசே பூர்னிக்கேயைப் பற்றி பாரீஸில் எங்கள் சேன் அந்துவான் பேட்டையில் இப்போது ஆளுக்கொரு கதை விடுகிறார்கள். மதுக்கடையில் ஒருவன் அவனை வீரன் என்கிறான், இன்னொருவன் பைத்தியம் என்கிறான். அவன் பட்டறைச் சுவருக்கு மறுபக்கம் இருபத்திரண்டு வருஷமாகக் குடியிருப்பவள் நான். அவன் இருமினால் எனக்குக் கேட்கும். அதனால் இதை எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. என் பெயர் ஸேலி மார்ஷோ. மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுவது என் தொழில்.

அனிசே ரம்பக்காரன். மேசைக்கும் பெட்டிக்கும் மேலே பதிக்கிற பூ, இலை, பறவை எல்லாவற்றையும் காகிதம்போல மெல்லிய மரத்தாள்களில் அறுத்துக் கொடுப்பவன். எங்கள் ரம்பக்காரர்கள் உட்காருகிற பலகைக்குக் கழுதை என்று பெயர். காலால் கட்டையை மிதித்தால் எதிரே இருக்கும் மரவாய் தாள்களைக் கவ்விக்கொள்ளும். இடது கை தாளைத் திருப்பிக்கொண்டே இருக்க, வலது கை நூல்போன்ற ரம்பத்தை இழுக்கும். அனிசே பதின்மூன்று வயதில் கழுதைமேல் ஏறியவன். ஏறி ஏறி வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரல் உயர்ந்துவிட்டது. குட்டையான ஆள், நல்ல கை, கெட்ட வாய்.

தாள்களை ஒவ்வொன்றாக யாரும் அறுப்பதில்லை. பேரிமரம், வெள்ளைமரம், ரோஜா நிற மரம் என்று பல தாள்களை அடுக்கி, மேலும் கீழும் சும்மாப் பலகை வைத்து ஆணியடித்து, ஒரே கட்டாக அறுப்பார்கள். ஒரு கட்டில் பிறந்த இதழ் அந்தக் கட்டில் பிறந்த எந்தக் குழியிலும் போய் உட்காரும். வேறு கட்டின் குழியில் உட்காராது. கை ஒரு இடத்தில் பிசகினால் எல்லாத் தாளிலும் அதே இடத்தில் பிசகியிருக்கும். சாமானுக்கு வேண்டியதை எடுத்தபின் கட்டில் மிஞ்சுவது ரம்பக்காரன் பங்கு. இது பேட்டை வழக்கம். எந்த முதலாளியும் கேள்வி கேட்டதில்லை.

ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்பதில் தெஸ்கோம்ப் முசியே ஒரு வேலை கொடுத்தார். அவர் பழைய சாமான் வியாபாரி. பெரிய தெருவில் கண்ணாடிக் கடை, தங்கச் சங்கிலிக் கடிகாரம், வெள்ளைக் கையுறை. புரட்சியில் அரசர் தலை போய் எண்பத்தாறு வருஷம் ஆகியும் அரசர் காலத்துச் சாமான்கள் எங்கள் பேட்டையில் மாதாமாதம் பிறந்துகொண்டிருந்தன. எல்லாருக்கும் தெரியும். யாரும் பேசமாட்டோம். பேசினால் அடுப்பு எரியாது.

அவர் கேட்டது ஓர் இழுப்பறைப் பெட்டி. முகப்பில் ஒரு கூடை நிறைய துலிப் பூக்கள். கிராமத்துச் சமையலறையில் பூச்சி தின்று கிடந்த ஓக் அலமாரி ஒன்றை வாங்கிப் பிரித்து, அனிசே பெட்டியின் உடம்பைச் சேர்த்தான். படத்தையும் அவனே வரைந்தான். கூடையின் அடியில் யாரும் கேட்காத ஒரு நத்தையை வைத்தான். நத்தை ஓட்டை அறுக்கும்போது ரம்பம் பட்டென்று அறுந்து ஓட்டில் ஒரு சின்னக் கீறல் விழுந்தது. சுவரைத் தாண்டி அவன் திட்டிய திட்டு இன்னும் என் காதில் இருக்கிறது.

பாலிஷ் நான் போட்டேன். மூன்று வாரம். அரக்கைச் சாராயத்தில் கரைத்து, துணிப்பந்தால் தடவித் தடவி ஏற்றி, பிறகு அத்தனையையும் கெடுக்கவேண்டும். வேலைக்காரியின் துணி எட்டாத மூலைகளில் புகைக்கரியும் தேன்மெழுகும் தேயிலைத் தண்ணீரும். கைப்பிடியைச் சுற்றி மட்டும் தேய்த்து வெளுப்பாக்கவேண்டும், எல்லாரும் தொடுகிற இடம் அல்லவா? ஜன்னல் பக்கமாக நின்றிருக்கும் என்று நானே முடிவுசெய்து, இடதுபக்கப் பூக்களை வெயிலில் நிறம்போனதுபோல் ஆக்கினேன். நூறு வருஷத்து வேலைக்காரிகளின் கையை நான் ஒருத்தி மூன்று வாரத்தில் செய்து முடித்தேன். தெஸ்கோம்ப் வந்து பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்து, "ம்" என்றார். அதை ஒரு பிரபுவுக்கு அரண்மனைச் சாமான் என்று விற்றார்.

அடுத்த வருஷம் பேட்டையில் மரவேலைக்காரர்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். அனிசே என்ன செய்தான் தெரியுமா? அந்தக் கட்டில் மிஞ்சிய தாள்களை எடுத்து, அதே கூடையை இன்னொரு பலகையில் பதித்துப் போட்டிக்குக் கொண்டுபோய் வைத்தான். "ஏன்யா, அதே கூடையா?" என்று கேட்டேன்.

"என் பங்கு, ஸேலி. என் கட்டுல மிஞ்சினது. எவன் கேப்பான்?"

ரம்பக்காரன் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் அது. மற்றவர்கள் சாமானைப் பார்ப்பார்கள். அவன் கட்டைப் பார்த்தான்.

நடுவர்களில் தெஸ்கோம்பும் ஒருவர். பலகை முன்னால் வந்து நின்றவர் முகம் ஒரு நொடி வெளுத்ததை நான் பார்த்தேன். பிறகு கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார்.

"இதை எங்கேய்யா பார்த்து வரைஞ்சே? பிரபுவுக்கு நான் வித்த அரண்மனைப் பெட்டியில இருக்கிற கூடை இது. இலைக்கு இலை திருடியிருக்கியே!"

"திருடலை முசியே. அதை அறுத்தவனே நான்தான். உங்களுக்குத் தெரியாதா?"

"நீயா? அது நூறு வருஷத்துப் பெட்டி. அப்ப உனக்கு என்ன வயசு?"

கூரை இடிகிற மாதிரி சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் அவருக்குச் சாமான் செய்துகொடுப்பவர்கள். அந்தப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டவனும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. அனிசேயின் பலகையைக் கழற்றி அவன் கையில் கொடுத்து, திருடன் என்று ஏட்டில் எழுதி வெளியே அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு அவனுக்கு எந்த வியாபாரியும் வேலை கொடுக்கவில்லை. வாயைத் திறப்பவனிடம் யார் பொய்ச்சாமான் செய்யக் கொடுப்பார்கள்? சுருட்டுப் பெட்டி மூடிகளுக்கு எழுத்து அறுத்தான். அவன் மனைவி ரோசின் ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு லியோனில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனாள், திரும்பவில்லை. சந்தையில் மீன்காரிகள் அவனைக் கண்டால் விடமாட்டார்கள். "தாத்தா, ராணியம்மா எப்படி இருந்தாங்க? நீங்கதான் நேர்ல பாத்திருப்பீங்களே!" கெட்ட வாய் என்று சொன்னேனே, அந்த வாய் மூடிக்கொண்டது.

சனிக்கிழமை தோறும் குளித்து, சட்டை மாற்றி, பெரிய தெருவுக்குப் போவான். தெஸ்கோம்ப் கடையின் கண்ணாடிக்கு எதிரே ஐந்து நிமிஷம் நிற்பான். கல்லெறிய மாட்டான், கத்தமாட்டான். நின்றுவிட்டு வந்துவிடுவான். பதினோரு வருஷத்தில் காய்ச்சலில் கிடந்த இரண்டு சனிக்கிழமைகள்தான் தவறின.

அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தெஸ்கோம்ப் சிரித்த மாதிரியே, ஊர் கேட்க, அந்தக் கூடையை அறுத்தவன் அனிசே பூர்னிக்கே என்று யாராவது சொல்லவேண்டும். அதற்கு அந்தப் பெட்டி வெளியே வரவேண்டும். பெட்டி வெளியே வர அந்தப் பிரபு சாகவேண்டும்.

"அந்த மனுஷன் எனக்கு ஒரு கெடுதலும் பண்ணலை. நல்லவர்தான்னு சொல்றாங்க. சீக்கிரம் போய்ச்சேரட்டும்" என்பான், சூப்பில் ரொட்டியை முக்கிக்கொண்டே. தினமும் செய்தித்தாளில் சாவு அறிவிப்புகளை மட்டும் படிப்பான்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் மார்ச்சில் பிரபு போய்ச்சேர்ந்தார். வாரிசுகள் வீட்டைக் காலிசெய்து எல்லாவற்றையும் ஏலத்துக்கு விட்டார்கள். ஏலப் பட்டியலுக்குச் சான்று எழுதியவர் தெஸ்கோம்பேதான். ஒரு திங்கட்கிழமை, வழக்கம்போலப் பேட்டை முழுக்க வேலைக்குப் போகாமல் குடித்துக்கொண்டிருந்தபோது, அனிசே அந்தப் பட்டியலோடு என் வீட்டுக்கு வந்தான்.

"வந்திருச்சு, ஸேலி."

"சரி, ஓடு. ஏலத்துக்கு முன்னாடி போய்ச் சொல்லு."

"முன்னாடியா? உனக்குப் புத்தி இருக்கா? முன்னாடி சொன்னா, பட்டியல்லேருந்து சத்தமில்லாம எடுத்திடுவான். விக்கட்டும். சான்றுல கையெழுத்துப் போடட்டும். நல்ல ஆளா பார்த்து விக்கட்டும்."

நல்ல ஆளாகத்தான் அமைந்தார். லீல் நகரில் நூற்பாலை வைத்திருக்கும் பெக்கார் முசியே. வாங்கிய நூலை முழம்போட்டுச் சரிபார்க்கிற இனம். ஏலம் முடிந்த ஒன்பதாம் நாள் அனிசே தன் பலகையைத் துணியில் சுற்றிக்கொண்டு அவருடைய பாரீஸ் வீட்டுக்குப் போய்ச் செய்தியைச் சொன்னான். அவர் கத்தவில்லை. தெஸ்கோம்புக்கு ஆள் அனுப்பி, வியாழக்கிழமை வரச்சொன்னார். இரண்டு பேரும் எதிரெதிரே நிற்கட்டும், பார்க்கலாம் என்றார்.

வியாழக்கிழமை நானும் போனேன். இஸ்திரிப் பெட்டியையும் ஈரத்துணியையும் தூக்கிக்கொண்டு, அவன் கூலிக்காரி மாதிரி. என் பாலிஷை எங்கே திறந்தால் மரம் கெடாது என்று எனக்குத்தானே தெரியும்? தெஸ்கோம்ப் என்னை அடையாளம் கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயந்தேன். அவசியமே இல்லாத பயம். பாலிஷ்காரிகளின் முகத்தை அவர் என்றைக்கும் பார்த்ததில்லை.

"இந்த ஆளா? இவன் திருட்டுக்குப் பேர்போனவன். பழைய பகையில உளர்றான்" என்றார் தெஸ்கோம்ப்.

அனிசே அவரைப் பார்க்கவே இல்லை. பெக்காரிடம், "ஒரே ஒரு இதழைத் தூக்க அனுமதி குடுங்க முசியே. அப்புறம் நானே ஒட்டிக் குடுக்கிறேன்" என்றான்.

சாராயத் துணியால் நான் அந்த இடத்துப் பாலிஷை எடுத்தேன். என் மூன்று வார வேலையில் ஓர் உள்ளங்கை அளவு கறுப்பாகத் துணியில் வந்தது. பொறுக்கவில்லை எனக்கு, அதை மறைக்க மாட்டேன். அனிசே ஈரத்துணியைப் போட்டு மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்தான். அடியில் இருந்த வஜ்ஜிரப் பசை இளகி, மாட்டுத்தோல் வாடை அந்தப் பட்டுத்திரை அறை முழுக்கப் பரவியது. கத்தி முனையால் துலிப்பின் ஓர் இதழை நெம்பி எடுத்தான். தன் பலகையிலும் அதே இதழை எடுத்துவிட்டு, பிரபுவின் இதழைத் தன் குழியில் வைத்தான். போய் உட்கார்ந்தது. தன் இதழைப் பிரபுவின் குழியில் வைத்தான். அதுவும் உட்கார்ந்தது. பெக்கார் நகத்தால் ஓரம் முழுக்கத் தடவிப் பார்த்தார். நகம் எங்கும் தட்டவில்லை.

"இப்ப நத்தையைப் பாருங்க. ஓட்டுல கீறல். ரெண்டுலயும் ஒரே இடம். ரம்பம் அறுந்த இடம் அது."

தெஸ்கோம்ப் சாமானியர் இல்லை. மூச்சு விடுகிற நேரத்தில் பாதையை மாற்றினார். "அப்படின்னா இவன் பலகையும் அரசர் காலத்துதான் முசியே! ஜோடி! எந்த வீட்டுல திருடினான்னு கேளுங்க!"

பெக்கார் ஒரு கணம் தயங்கினார். அனிசே சிரித்தான் என்று சொல்லமுடியாது, பல்லைக் காட்டினான்.

"இதழை எடுத்துட்டுப் பெட்டிக் குழிக்குள்ள பாருங்க முசியே. அந்த இடத்துல ஓக்கைப் பூச்சி தின்னு பள்ளமாயிருந்துச்சு. மட்டம்பண்ண செய்தித்தாளை வஜ்ஜிரத்துல ஊறவெச்சு அடைச்சேன்."

பெக்கார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பல்வலித் தைலத்துக்கு விளம்பரம். கடை விலாசத்தோடு, டிராம் நிற்கிற இடத்துக்கு எதிரில் என்று போட்டிருந்தது. அவர் அதைச் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு, "ராணியம்மாவுக்குப் பல்வலி போல" என்றார்.

தெஸ்கோம்ப் நாற்காலியைத் தேடினார். அவர் கையுறை வியர்வையில் நனைந்து விரலோடு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல காட்சியைப் பார்த்ததில்லை. அந்த ஆளுக்காக இம்மியளவும் இரக்கம் வரவில்லை, இப்போதும் வரவில்லை.

ஆனால் வழக்கு என்று வந்தபோது அவர் ஒரு வக்கீலைப் பிடித்து, தானும் ஏமாந்துபோனதாகச் சொன்னார். யாரோ செய்தார்கள், யாரோ விற்றார்கள், நம்பி வாங்கினேன் என்றார். அனிசே சாட்சிக்கூண்டில் ஏறினான். நீதிமன்றம் நிரம்பி வழிந்தது. போட்டியில் சிரித்தவர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள், மீன்காரிகளும் இருந்தார்கள். நீதிபதி நல்ல மனிதர். அவனுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார்.

"அதைப் பழைய சாமானா விக்கப்போறாங்கன்னு உனக்குத் தெரியாது. அப்படித்தானே?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்கு வந்திருக்கலாம். நான் இடத்திலிருந்தே தலையை ஆட்டிக்காட்டினேன். தெரியாதுன்னு சொல்லித் தொலையேன்!

"தெரியும் ஐயா" என்றான் அனிசே. "தெரிஞ்சேதான் செஞ்சேன். அவர் வீட்டுக் கூடத்துல உக்காந்து, எந்த வருஷத்துச் சாமான் மாதிரி வேணும்னு அவர் சொல்லச் சொல்லத்தான் வரைஞ்சேன்."

"அப்ப நீயும் குற்றவாளி ஆகிறே. புரியுதா?"

"புரியுது ஐயா. படம் வரைஞ்சது நான், அறுத்தது நான், சுடுமணல்ல ஓரத்தைக் கருக்கி இதழுக்கு நிழல் ஏத்தினது நான், ஒட்டினது நான்."

"அந்தப் பழைய தோற்றம்? நிபுணர்களையே ஏமாத்தின அந்தப் பாலிஷ்?"

நான் பாதி எழுந்துவிட்டேன். கறுப்பு சால்வையைப் போட்டுக்கொண்டு, நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். கேட்டால் சொல்லிவிடுவது என்று முந்தினநாளே முடிவு செய்திருந்தேன். அனிசே திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"அதுவும் நான்தான் ஐயா."

நான் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்று இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். இவ்வளவு நேரம் தெஸ்கோம்பைத் திட்டியவள், அந்த நொடியில் சிறைக்குப் போகாமல் தப்பித்தோம் என்று சந்தோஷப்பட்டேன். நாற்காலிக்கே ஒழுங்காக மெழுகு போடத் தெரியாதவன் அனிசே. அவன் தடவினால் பூனை நக்கினதுபோல் இருக்கும்.

தெஸ்கோம்புக்கு இரண்டு வருஷம். அனிசேவுக்கு நான்கு மாதம். தீர்ப்பைப் படித்த எழுத்தர், "மேற்படி சாமான் முழுவதும், அதன் மெருகு உட்பட, ரம்பத் தொழிலாளி அனிசே பூர்னிக்கே என்பவரால் செய்யப்பட்டது" என்ற வரிக்கு வந்தபோது, அனிசே கையைத் தூக்கினான்.

"ஐயா, அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொல்லுங்க."

நீதிபதி முறைத்தார். பிறகு எழுத்தரைப் பார்த்துத் தலையசைத்தார். எழுத்தர் மறுபடி படித்தார். மீன்காரிகள் கைதட்டினார்கள். தெஸ்கோம்ப் தலையைக் குனிந்துகொண்டார். அனிசே அவரையே பார்த்துக்கொண்டிருந்தான், காவலர் வந்து தோளைத் தொடும்வரை.

நான்கு மாதமும் வாரம் ஒருமுறை ரொட்டியும் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கேட்க நினைத்ததைச் சிறையில் வைத்துக் கேட்கவேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவன் வெளியே வந்த அன்று மதுக்கடையில் மாலை போடாத குறை. வேலை கொடுக்க மூன்று முதலாளிகள் காத்திருந்தார்கள். தீர்ப்பு வந்த செய்தித்தாளைச் சட்டம்போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். எனக்கு இருபது வருஷமாகத் தெரிந்த ஒரு பாலிஷ்காரன் அவனிடம் வந்து, "அந்த மூலைக் கறுப்பு எப்படிண்ணே கொண்டுவந்தீங்க?" என்று கேட்டான்.

"அதெல்லாம் தொழில் ரகசியம்ப்பா" என்றான் அனிசே, என் எதிரிலேயே.

கூட்டம் கலையும்வரை இருந்தேன். பிறகு அவன் மேசைக்குப் போய் உட்கார்ந்தேன்.

"ஏன்யா அப்படிச் சொன்னே கோர்ட்ல?"

"உன்னைக் காப்பாத்தத்தான்."

"நான் கேட்டேனா?"

"நீ உக்காந்தியே ஸேலி. நான் பாத்தேன்."

மேசைமேல் சிந்தியிருந்த மதுவை விரலால் துடைத்தேன்.

"சரி. உக்காந்தேன். இப்ப கேஸ் முடிஞ்சாச்சு. நாளைக்கு இதே கடையில எல்லார் முன்னாடியும் சொல்லிடு. பாலிஷ் ஸேலி போட்டதுன்னு."

அவன் சுவரில் மாட்டியிருந்த செய்தித்தாளைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு வெட்கம்கூட இல்லை, அதுதான் என்னைக் கொன்றது.

"கோர்ட்ல எழுதிட்டாங்களே ஸேலி. இனிமே மாத்தினா, மீதியையும் நம்பமாட்டாங்க" என்றான்.

அன்றிலிருந்து அவனோடு பேசுவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ரம்பம் இழுக்கிற சத்தம் காலையிலிருந்து கேட்கிறது, நிறைய வேலை வருகிறது போலிருக்கிறது. என்னால் சனிக்கிழமை சனிக்கிழமை போய் நிற்கவெல்லாம் முடியாது, அவன் அடுத்த வீடு. பதினோரு வருஷம் காத்திருக்கவும் முடியாது, எனக்கு ஐம்பத்து நான்கு ஆகிறது. ஆகவே இதை எழுதி முடித்து, பேட்டை அச்சுக்கூடத்தில் கொடுத்துவிட்டேன். அந்தப் பெட்டிக்குப் பாலிஷ் போட்டவள் ஸேலி மார்ஷோ, குதிரைலாட முற்றம், மூன்றாம் மாடி, இடதுபக்கக் கதவு. போலீஸ் வருவதானால் காலையில் வரட்டும். மத்தியானத்துக்குமேல் வேலைக்குப் போய்விடுவேன்.